போனில் வீடியோ பார்க்கிறவர்களுக்கு: படத்தை விடுங்க, முதலில் சத்தத்தைச் சரி பண்ணுங்க

"புது போன் வாங்கலாமா?" என்று என்னிடம் கேட்க வருகிறவர்களில் பாதிப் பேருடைய போனில் ஒரு கோளாறும் இருக்காது. வீடியோ சுத்திக்கிட்டே இருக்கு, வசனம் காதுல விழல, டேட்டா மத்தியானத்துக்குள்ள காலி, புகார் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். நான் கடை வைத்து போன் ரிப்பேர் செய்கிற ஆள் கிடையாது, பெங்களூரில் ஒயிட்பீல்ட் பக்கம் ஒரு ஆபீஸில் வேலை. ஆனால் அல்சூரில் எங்கள் தெருவில் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லிவிட்டால் போன், டிவி, வைஃபை பெட்டி, கேஸ் புக்கிங் எல்லாம் நம்ம தலையில்தான். அப்படிப் பார்த்துப் பார்த்து ஒரு கருத்துக்கு வந்திருக்கிறேன். மக்கள் படத்தின் தரத்துக்குக் கொடுக்கிற மரியாதை ரொம்ப அதிகம், சத்தத்துக்குக் கொடுக்கிறது ரொம்பக் குறைவு. எச்டி, ஃபுல் எச்டி, ஃபோர்கே என்று கணக்குப் பார்த்துப் போன் வாங்குகிறவர், அதே போனில் கதாநாயகன் என்ன சொன்னான் என்று பத்துப் பத்து விநாடியாகப் பின்னால் தள்ளிக் கேட்டுக்கொண்டிருப்பார்.

முதலில் படத்தை முடித்துவிடுகிறேன். 480 என்றால் அகலத்தில் 854 புள்ளி, உயரத்தில் 480 புள்ளி. 1080 என்றால் 1920-க்கு 1080. பெருக்கிப் பார்த்தால் இது அதைப் போல ஐந்து மடங்கு. டிவியில் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். பக்கவாட்டில் திருப்பிப் பிடித்தால் ஒரு சாண் கூட முழுதாக வராத போன் திரையில், அதுவும் ஆடுகிற பஸ்ஸில், உங்கள் கண்ணுக்கு அது எவ்வளவு தெரியும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். நெட்ஃபிளிக்ஸ் 2019-ல் இந்தியாவுக்கென்று மொபைல் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தபோது அதில் கொடுத்ததே 480 தரம்தான். காசு வாங்கிக்கொண்டே அதைக் கொடுக்கிறார்கள், பார்க்கிறவர்களும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

டேட்டா பக்கம் வந்தால் கணக்கு இன்னும் கூர்மையாகிறது. நெட்ஃபிளிக்ஸ் ஆப்பில் மொபைல் டேட்டா உபயோகத்துக்கு என்றே ஒரு செட்டிங் உண்டு. அதில் சேவ் டேட்டா வைத்தால் 1 ஜிபியில் சுமார் 6 மணி நேரம் பார்க்கலாம், ஆட்டோமேட்டிக் என்றால் சுமார் 4 மணி நேரம், மேக்ஸிமம் என்றால் 20 நிமிடத்திலேயே 1 ஜிபி போய்விடலாம். இதெல்லாம் அவர்களே சொல்கிற கணக்கு. தினமும் 1.5 ஜிபி தருகிற ரீசார்ஜ் போட்டிருக்கிறவர் தெரியாமல் மேக்ஸிமத்தில் கை வைத்துவிட்டால் அரை மணி நேரத்தில் அன்றைய பங்கு தீர்ந்தது. தீர்ந்த பிறகு வேகம் 64 கேபிபிஎஸ். அதாவது விநாடிக்கு 8 கிலோபைட். வாட்ஸப்பில் எழுத்துச் செய்தி தட்டுத்தடுமாறிப் போகும், அவ்வளவுதான், மிகக் குறைந்த 144 தரத்தில் வைத்தாலும் வீடியோ ஓடாது. அப்புறம் நள்ளிரவு வரைக்கும் அந்தச் சின்ன வட்டம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

யூட்யூபில் இதற்கான இடம்: மூலையில் உங்கள் படம் இருக்கிற வட்டத்தைத் தொட்டு, செட்டிங்ஸ் போய், குவாலிட்டி என்று இருக்கிற பகுதியைத் திறக்க வேண்டும். அங்கே வைஃபைக்குத் தனியாக, மொபைல் நெட்வொர்க்குக்குத் தனியாக வைக்கலாம். மொபைலுக்கு டேட்டா சேவர், வைஃபைக்கு ஆட்டோ, இது போதும். வீடியோ ஓடும்போது சக்கரக் குறியைத் தொட்டு அட்வான்ஸ்டு உள்ளே போய் 480 என்று தேர்ந்தெடுக்கிறோமே, அது அந்த ஒரு வீடியோவுக்கு மட்டும்தான். அடுத்த வீடியோ மறுபடி தன் இஷ்டத்துக்குப் போய்விடும். "நான் குறைச்சுத்தான் வெச்சேன், அதுவா ஏத்திக்குது" என்று பலர் சொல்வது இதனால்தான்.

5ஜி வந்த பிறகு இதில் ஒரு புதுச் சிக்கல் சேர்ந்திருக்கிறது. 2022 அக்டோபரில் முதலில் 5ஜி கிடைத்த ஊர்களில் பெங்களூரும் ஒன்று, இப்போது புதிதாக விற்கிற போன்கள் பெரும்பாலும் 5ஜிதான். குறிப்பிட்ட பேக் போட்டால் 5ஜி-யில் டேட்டாவுக்கு அளவு இல்லை என்கிறார்கள், சரி. ஆனால் நீங்கள் போய்க்கொண்டே இருக்கும்போது போன் 5ஜி-யில் இருந்து 4ஜி-க்கு இறங்கும், மறுபடி ஏறும், இறங்கும். 4ஜி-க்கு இறங்கிய நேரத்தில் அந்தத் தினசரி அளவு கழிய ஆரம்பித்துவிடும், 5ஜி வேகத்தைப் பார்த்து உயர்ந்த தரத்தில் ஓடிக்கொண்டிருந்த வீடியோவோ சட்டென்று கீழே இறங்காது. நடுவில் தடுமாறித் தடுமாறி வீடியோ நின்றால், போனின் செட்டிங்ஸில் சிம் பகுதிக்குப் போய் நெட்வொர்க் வகையை 4ஜி என்று வைத்துப் பாருங்கள். ஓரிடத்தில் உட்காராமல் பயணத்திலேயே பார்க்கிறவர்களுக்கு வேகமான சிக்னலை விட நிலையான சிக்னல்தான் வேண்டும். பேட்டரியும் கொஞ்சம் தாங்கும்.

480 போதும் என்று சொன்னேனே தவிர எல்லாவற்றுக்கும் இல்லை. திரையில் எழுத்து இருக்கிற வீடியோ என்றால் கதை வேறு. எக்ஸல் சொல்லிக் கொடுக்கிறவர், போர்டில் கணக்குப் போடுகிற டியூஷன் மாஸ்டர், கிரிக்கெட்டில் மூலையில் இருக்கிற ஸ்கோர், இதற்கெல்லாம் 720 வையுங்கள். தையல், எம்பிராய்டரி வீடியோவுக்கும் அப்படித்தான், நூல் எந்தப் பக்கம் போகிறது என்று தெரிய வேண்டும். நியூஸ் விவாதம், பேட்டி, பட்டிமன்றம், ஆன்மிகச் சொற்பொழிவு எல்லாம் 240-ல் ஓடினாலும் குறை ஒன்றும் இல்லை. நாலு பேர் கத்துவதை ஃபுல் எச்டியில் பார்த்து என்ன ஆகப் போகிறது?

சரி, வீடியோவே பார்க்காமல் டேட்டா போகிறது என்கிற கோஷ்டி. எங்கள் பெரியம்மா அந்த கோஷ்டியின் தலைவி.

"நான் காலைல ஒரு பாட்டுதான்டா கேட்டேன், பத்து மணிக்கே 90 சதவீதம் முடிஞ்சு போச்சுன்னு மெசேஜ் வருது."

"வாட்ஸப்ல எத்தனை குரூப்ல இருக்கீங்க பெரியம்மா?"

"அது இருக்கும் ஒரு இருபது. அதுக்கும் இதுக்கும் என்னடா?"

அதுக்கும் இதுக்கும்தான் எல்லாமே. வாட்ஸப்பில் செட்டிங்ஸ், ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா என்று போனால் மீடியா ஆட்டோ டவுன்லோட் இருக்கும். மொபைல் டேட்டாவில் இருக்கும்போது என்ற வரியைத் தொட்டு வீடியோ முன்னால் இருக்கிற டிக்கை எடுத்துவிடுங்கள், போட்டோவையும் எடுத்துவிட்டால் இன்னும் நல்லது. குட்மார்னிங் வீடியோக்கள் இனிமேல் நீங்கள் தொட்டால்தான் இறங்கும். அதே பக்கத்தில் மேனேஜ் ஸ்டோரேஜ் என்று ஒன்று உண்டு, 5 எம்பிக்கு மேல் இருக்கிற கோப்புகள், பலமுறை ஃபார்வர்டு ஆன கோப்புகள் என்று அதுவே பிரித்து வைத்திருக்கும். போனில் இடம் இல்லை, அதனால் வீடியோ எடுக்க முடியவில்லை என்கிறவர்கள் முதலில் திறக்க வேண்டிய கதவு இதுதான். பெரியம்மா போனில் அதைத் திறந்து காட்டியபோது ஒரே பிள்ளையார் வீடியோ நாலைந்து குரூப்பில் இருந்து வந்து உட்கார்ந்திருந்தது. அழிக்க மனசு வரவில்லை, ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டார்.

யூட்யூபில் முகப்பில் விரலால் தள்ளிக்கொண்டே போகும்போது வீடியோக்கள் தானாகச் சத்தமில்லாமல் ஓடுகிறதே, அதுவும் டேட்டாதான். செட்டிங்ஸில் பிளேபேக் இன் ஃபீட்ஸ் என்று தேடி, வைஃபை ஒன்லி அல்லது ஆஃப் வையுங்கள். பேஸ்புக்கிலும் தானாக ஓடுவதை வைஃபைக்கு மட்டும் என்று மாற்றலாம். பிளே ஸ்டோரில் ஆப் அப்டேட் வைஃபையில் மட்டும். கூகுள் போட்டோஸ் பேக்கப் மொபைல் டேட்டாவில் போகிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். இதில் எந்த மெனு எங்கே இருக்கிறது என்று சாம்சங்கில் ஒரு மாதிரி, ரெட்மியில் ஒரு மாதிரி, விவோவில் ஒரு மாதிரி. மனப்பாடம் செய்யத் தேவையே இல்லை. போன் செட்டிங்ஸைத் திறந்தால் மேலே ஒரு தேடல் கட்டம் இருக்கும், அதில் நாலு எழுத்து தட்டினால் வந்து நிற்கும். கையில் போன் வாங்கியதும் மெனு மெனுவாகத் துழாவுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கை துறுதுறு என்கிறது.

இப்போது சத்தம். நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

வசனம் கேட்கவில்லை, ஆனால் சண்டைக் காட்சியில் காது கிழிகிறது, அதனால் வால்யூம் பட்டனைக் கூட்டிக் குறைத்தே ஒரு படம் முடிகிறது. இது போன் கோளாறு இல்லை. படங்களின் ஒலி தியேட்டரில் ஐந்து பக்கமும் ஸ்பீக்கர் வைத்துக் கேட்பதற்காகச் சேர்க்கப்பட்டது, அதில் வசனம் நடு ஸ்பீக்கரில் தனியாக வரும். போனில் அந்த அத்தனையையும் இரண்டு பக்கத்துக்குள் அடைக்கும்போது வசனம் பின்னணி இசைக்கு அடியில் போய்விடுகிறது. அதனால் படம் ஓடும்போது ஆடியோ மெனுவைத் திறந்து, ஒரே மொழிக்கு 5.1 என்று ஒன்றும், அது போடாமல் சாதாரணமாக ஒன்றும் இருந்தால், அந்தச் சாதாரணத்தைத் தேர்ந்தெடுங்கள். யூட்யூபில் சக்கரக் குறிக்குள் ஸ்டேபிள் வால்யூம் என்று ஒன்று இருக்கிறது, அது உரத்த இடத்தைத் தணித்து மெல்லிய இடத்தை ஏற்றித் தரும். பேச்சுக்கு அதைப் போட்டே வையுங்கள், கச்சேரி கேட்கும்போது மட்டும் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஏற்ற இறக்கம் எல்லாம் தட்டையாகிவிடும். நிறைய போன்களில் டால்பி அல்லது ஈக்வலைசர் பகுதியில் குரலுக்கென்றே ஒரு வகை இருக்கும், வாய்ஸ் அல்லது டயலாக் என்று பெயர் போட்டிருப்பார்கள். மூவி என்று பெயர் இருக்கிறதே என்று அதைப் போடாதீர்கள். பல நேரம் குரலைத் தூக்கித் தருவது இந்த வாய்ஸ்தான்.

இதைவிட எளிய, யாரும் கண்டுகொள்ளாத ஒரு செட்டிங் மோனோ ஆடியோ. நம் ஊரில் நிறையப் பேர் ஒரு காதில் மட்டும் இயர்பட் போட்டுக்கொண்டு வீடியோ பார்க்கிறார்கள். ஒரு காது ஸ்டாப் அறிவிப்புக்கு, இன்னொரு காது படத்துக்கு. அப்படிக் கேட்கும்போது பல சமயம் ஒரு பக்க ஒலி மட்டும் வந்து மறுபக்கம் போன குரல் உங்களுக்கு வந்தே சேராது. பழைய பாடல்கள் சிலவற்றில் ஒரு பக்கம் வாத்தியம், ஒரு பக்கம் குரல் என்றே பிரித்திருப்பார்கள், ஒற்றைக் காதில் போட்டால் பாதிப் பாட்டுதான். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், அக்செசிபிலிட்டி, அங்கே மோனோ ஆடியோ. ஐபோனிலும் அக்செசிபிலிட்டிக்குள் ஆடியோ அண்ட் விஷுவல் என்ற இடத்தில் இருக்கிறது. ஆன் செய்தால் இரண்டு பக்கமும் கலந்து ஒரே காதில் முழுசாக வரும். ஒரு காது மந்தமாக இருக்கிற வயதானவர்களுக்கு இது வரப்பிரசாதம், அதே இடத்தில் இடது வலது அளவைச் சரிசெய்கிற கோடும் இருக்கும், எந்தக் காது நல்லாயிருக்கிறதோ அந்தப் பக்கம் தள்ளிக்கொள்ளலாம். கீழ் வீட்டு மாமாவுக்குக் காது மிஷின் வாங்கலாமா என்று வீட்டில் பேசிக்கொண்டிருந்தார்கள். டாக்டரிடம் கட்டாயம் காட்டுங்கள், ஆனால் அதுவரை இதைப் போட்டு வையுங்கள் என்று செய்து கொடுத்தேன், இப்போது டிவி சீரியல் அத்தனையும் போனில்தான்.

ப்ளூடூத்தில் உதடு ஒரு நேரம் அசைகிறது, சத்தம் ஒரு நேரம் வருகிறது என்றால், போன் ஒலியைச் சுருக்கி அனுப்பி, இயர்பட் அதைத் திரும்ப விரித்துத் தர எடுத்துக்கொள்கிற தாமதம் அது. யூட்யூப் போன்ற ஆப்கள் அதைக் கணக்கில் எடுத்து படத்தையும் சற்றுப் பிடித்து வைத்துச் சமாளித்துவிடும். போனில் சேமித்து வைத்த படம் பார்க்கும்போதுதான் தெரியும். அதற்கு விஎல்சி என்கிற வீடியோ பிளேயர் ஆப்பில் ஆடியோ டிலே என்று இருக்கிறது, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி உதட்டோடு சேர்த்துவிடலாம். ஒயர் ஹெட்செட் வைத்திருக்கிறவர்களுக்கு இந்தத் தொல்லையே கிடையாது, நூறு இருநூறு ரூபாய்ச் சமாச்சாரம், சார்ஜும் போட வேண்டாம்.

அப்புறம், சிரிக்காதீர்கள், பாதி நேரம் காரணம் அழுக்கு. இயர்பட் வாயில் இருக்கிற வலையில் காது அழுக்கு படிந்துவிட்டால் ஒரு பக்கம் மெல்லக் குறைந்துகொண்டே வரும், போனின் கீழ் ஸ்பீக்கர் ஓட்டைகளில் சட்டைப் பை நூல் அடைத்துக்கொள்ளும். ஈரம் இல்லாத மெல்லிய டூத்பிரஷ் எடுத்து இதமாகத் தட்டிவிட்டால் போதும், ஊசி எல்லாம் விடக் கூடாது. போனைப் பக்கவாட்டில் பிடிக்கும்போது உள்ளங்கை அந்த ஸ்பீக்கரை மூடிக்கொள்வதையும் பார்க்கலாம், தலைகீழாகத் திருப்பிப் பிடித்தால் அதுவே சரியாகிவிடும்.

சத்தம் வேண்டும் என்று சொன்னதற்காக முழுசாகக் கூட்டி வைக்கச் சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல் அளவில் நிறுத்தச் சொல்கிறது, குழந்தைகளுக்கு 75. பஸ் இரைச்சலை ஜெயிக்க வால்யூமைக் கூட்டுவதை விட, காதை நன்றாக அடைக்கிற ரப்பர் மூடியை உங்கள் அளவுக்குப் பார்த்து மாற்றுவது மேல். பெட்டியோடு மூன்று அளவில் கொடுத்திருப்பார்கள், யாரும் வெளியே எடுத்திருக்க மாட்டார்கள். ஸ்பீக்கரில் போட்டு ஊருக்கே ரீல்ஸ் கேட்க வைக்கிற புண்ணியவான்களுக்கு ஒரு செய்தி: கர்நாடக அரசின் கேஎஸ்ஆர்டிசி பஸ்ஸில் அதற்கு 2021-லேயே தடை போட்டாயிற்று. கண்டக்டர் இறக்கிவிட்டால் சண்டைக்குப் போகாதீர்கள்.

சமீப காலமாக இன்னொரு கேள்வி அடிக்கடி வருகிறது. இங்கிலீஷ் வீடியோவைத் திறந்தால் இந்தியில் பேசுகிறான், தெரிந்த சானல்தான், குரல் வேறு யாருடையதோ மாதிரி இருக்கிறது. யூட்யூபில் ஒரே வீடியோவுக்குப் பல மொழி ஒலி சேர்க்கும் வசதி வந்திருக்கிறது, சிலவற்றில் மிஷினே டப்பிங் செய்கிறது. சக்கரக் குறி, ஆடியோ டிராக், அதில் ஒரிஜினல் என்று போட்டிருப்பதைத் தொட்டால் பழைய குரல் திரும்பிவிடும். பெங்களூரில் வீட்டுக்குள் தமிழ், வாசலில் கன்னடம், ஆபீஸில் இங்கிலீஷ், ஆட்டோவில் கொஞ்சம் இந்தி என்று இருக்கிற நம்மைப் போன்றவர்களிடம் எந்த மொழி என்று போன் ஊகிக்கப் பார்த்தால் அதுவும் பாவம் என்ன செய்யும்.

சப்டைட்டில் எழுத்து சிறியதாக இருக்கிறது என்று கண்ணாடி பவர் மாற்றப் போகாதீர்கள். போன் செட்டிங்ஸில் கேப்ஷன் என்று தேடினால் எழுத்தின் அளவு, பின்னணிக் கறுப்பு எல்லாம் மாற்றலாம். நான் பெரிய எழுத்து, பின்னால் கறுப்புப் பட்டை வைத்திருக்கிறேன், வெள்ளைச் சட்டைக்காரர் வந்து நின்றாலும் எழுத்து தெரியும். வாட்ஸப் அறிவிப்பு மேலிருந்து இறங்கி முகத்தை மறைக்கிறது என்றால் படம் முடியும்வரை டூ நாட் டிஸ்டர்ப்.

வெளிச்சத்தைப் பற்றிச் சுருக்கமாக. மெட்ரோவில் அல்சூரில் ஏறி ஒயிட்பீல்ட் பக்கம் போனால் முழுக்க மேம்பாலம், காலை வெயில் நேரே திரையில் அடிக்கும். மெஜஸ்டிக் பக்கம் போனால் கப்பன் பார்க்குக்கு முன்பே சுரங்கத்துக்குள் நுழைந்துவிடும். இப்படி மாறி மாறிப் போகிறவர்கள், சுற்றி இருக்கிற வெளிச்சத்துக்கு ஏற்றபடி திரையைத் தானாக மாற்றுகிற அடாப்டிவ் பிரைட்னஸை ஆனில் விட்டுவிடுவது நல்லது, கையால் ஏற்றி வைத்துவிட்டு மறந்தால் பேட்டரி போகும். வீட்டில் இரவில் படம் பார்க்கும்போது மட்டும் அதை ஆஃப் செய்துவிட்டு நீங்களே வையுங்கள், இல்லாவிட்டால் இருட்டு அறையில் அது திரையை இன்னும் மங்கலாக்கி, இருட்டுக் காட்சியில் வில்லன் வந்ததே தெரியாமல் போகும். திரை மஞ்சளாக இருக்கிறது, போன் கெட்டுப்போய்விட்டது என்று வருகிறவர்களுக்கு, நைட் லைட் அல்லது ஐ கம்ஃபர்ட் என்று ஏதோ ஆனில் இருக்கும், ஆஃப் செய்தால் முடிந்தது. 120 ஹெர்ட்ஸ் திரை, அதாவது விநாடிக்கு 120 தடவை படத்தைப் புதுப்பிக்கிற திரை, வீடியோவுக்கு நல்லது என்று கடையில் சொல்வதை நம்ப வேண்டாம். சினிமா விநாடிக்கு 24 படம்தான், எந்தத் திரையில் போட்டாலும் 24தான். விரலால் தள்ளும்போது வழுக்கிக்கொண்டு போவது அழகாக இருக்கும், கேம் ஆடுகிறவர்களுக்கும் உதவும். படம் மட்டும் பார்க்கிற அப்பாவுக்கு அதற்காக ஐயாயிரம் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

விரல் வித்தைகள் சில இருக்கின்றன. திரையின் வலது பாதியில் இரண்டு தட்டு தட்டினால் 10 விநாடி முன்னே, இடது பாதியில் தட்டினால் பின்னே. இந்த 10-ஐ யூட்யூப் செட்டிங்ஸில் 5-ல் இருந்து 60 வரை மாற்றலாம். சமையல் வீடியோவில் அளவைத் திரும்பக் கேட்க 5 வசதி, ஸ்பான்சர் பேச்சைத் தாண்ட 30 வசதி. விரலை அழுத்தியே பிடித்தால் இரட்டை வேகம், எடுத்தால் பழைய வேகம். இரண்டு விரலால் விரித்தால் ஓரத்துக் கறுப்புப் பட்டை போய்த் திரை நிறையும், ஆனால் மேலும் கீழும் கொஞ்சம் வெட்டுப்படும், சப்டைட்டில் படத்தோடேயே பதிந்து வருகிற வீடியோக்களில் அதைச் செய்யாதீர்கள். யூபிஎஸ்சி, பேங்க் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் 1.25 வேகத்தில் கேட்கலாம், பெரும்பாலான ஆசிரியர்கள் மெதுவாகத்தான் பேசுகிறார்கள். படுத்துக்கொண்டு பார்க்கும்போது படம் பொத்தென்று திரும்புகிறதா? ஆட்டோ ரொட்டேட்டை ஆஃப் செய்துவிடுங்கள். முழுத்திரைக் குறியைத் தொட்டால் வீடியோ எப்படியும் பக்கவாட்டில் வரும், மற்ற ஆப்களில் போனைச் சாய்த்தால் ஓரத்தில் ஒரு சின்னக் குறி எட்டிப் பார்க்கும், வேண்டும் என்றால் அதைத் தொட்டுத் திருப்பிக்கொள்ளலாம்.

கல்யாண வீடியோ பென்டிரைவில் வந்தது, போனில் போட்டால் படம் வருகிறது, சத்தம் வரவில்லை. இது அந்தப் போனில் இருக்கிற பிளேயருக்கு அந்த ஒலி வகை தெரியாததால். விஎல்சி போடுங்கள், இலவசம், விளம்பரம் இல்லை, ஏறக்குறைய எதைக் கொடுத்தாலும் ஓட்டும். பாரிஸில் ஒரு கல்லூரி மாணவர்கள் 1996-ல் ஆரம்பித்த வேலை அது, இன்றுவரை லாபநோக்கம் இல்லாமல்தான் ஓடுகிறது. அந்தக் கல்யாண வீடியோவை வாட்ஸப்பில் ஊருக்கு அனுப்பும்போது கேலரியில் இருந்து அனுப்பாமல் டாக்குமென்ட் என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் தரம் குறையாமல் போகும், 2 ஜிபி வரைக்கும் போகலாம். கேலரி வழியாகப் போனால் வாட்ஸப் அதைச் சுருக்கிவிடும், ஊரில் இருக்கிற பாட்டி பெண்ணின் முகம் மங்கலாக இருக்கிறது என்று போட்டோகிராபரைத் திட்டுவார். ஆனால் டாக்குமென்டாக அனுப்பினால் அந்தப் பக்கம் அவர்கள் டேட்டாவும் அவ்வளவு போகும், வைஃபை இல்லாத வீட்டுக்கு அனுப்பும்போது சொல்லிவிட்டு அனுப்புங்கள்.

குழந்தை கையில் போனைக் கொடுக்கிறீர்கள், அது வீடியோவை விட்டு வெளியே வந்து உங்கள் மேனேஜருக்கு போன் போடுகிறது. ஆண்ட்ராய்டில் ஆப் பின்னிங், ஐபோனில் கைடட் அக்சஸ். ஆன் செய்தால் திறந்து வைத்த ஆப்பை விட்டு வெளியே வர முடியாது. கொடுக்கலாமா வேண்டாமா என்பது உங்கள் வீட்டு விஷயம், நான் அதற்குள் வரவில்லை.

சார்ஜில் போட்டபடி, கனமான கவரோடு, தலையணை மேல் வைத்து மணிக்கணக்கில் ஓடவிட்டால் போன் சுடும். சூடு ஏறினால் போனே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும், வேகத்தையும் குறைத்துக்கொள்ளும், வீடியோ விக்கும். கவரைக் கழற்றுங்கள், சார்ஜரைப் பிடுங்குங்கள், பத்து நிமிடம் விடுங்கள். ஃபிரிட்ஜில் வைக்கிறவர்களும் இருக்கிறார்கள், உள்ளே ஈரம் கோத்துக்கொண்டால் அத்தோடு போன் முடிந்தது.

கடைசியாக ஊருக்குப் போகிறவர்களுக்கு. வெள்ளிக்கிழமை ராத்திரி சில்க் போர்டிலோ மடிவாளாவிலோ பஸ் பிடித்து சேலம், மதுரை என்று போகிற கூட்டத்தில் நானும் ஒருவன். எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் வரை நெட் பறக்கும், தொப்பூர் மலைப்பாதையில் வட்டம் சுற்றும். அதனால் வீட்டு வைஃபையிலேயே இறக்கி வைத்துக்கொள்வதுதான் வழி. நெட்ஃபிளிக்ஸில் டவுன்லோட் தரத்தை ஸ்டாண்டர்டில் வைத்தால் இடமும் மிச்சம், நேரமும் மிச்சம். யூட்யூபில் இலவசமாக இறக்கினால் குறைந்த தரம்தான் கிடைக்கும், உயர்ந்த தரத்துக்குப் பிரீமியம் கேட்கும், மேலே சொன்ன காரணத்தால் அந்தக் குறைந்த தரமே பஸ்ஸுக்கு எதேஷ்டம். இறக்கிய படங்களுக்குக் கெடு உண்டு, போன மாதம் இறக்கியது இன்று ஓடும் என்று நம்பாதீர்கள். ஆப் மெதுவாக இருக்கிறது என்று யாராவது சொன்னதைக் கேட்டு கிளியர் டேட்டாவைத் தொட்டுவிட்டால் இறக்கியது அத்தனையும் போய்விடும், கிளியர் கேஷ் மட்டும் என்றால் போகாது, இரண்டும் பக்கத்துப் பக்கத்துப் பட்டன், பார்த்துத் தொடுங்கள். எல்லாம் இறக்கி முடித்ததும் வீட்டிலேயே ஏரோபிளேன் மோடைப் போட்டு, வைஃபையும் ஆஃபில் இருக்கிறதா என்று பார்த்து, ஒவ்வொரு படத்தையும் திறந்து நடுவில் ஓரிடத்தில் அரை நிமிடம் ஓடவிடுங்கள். சப்டைட்டில் வேண்டும் என்றால் அதுவும் வருகிறதா பாருங்கள், சில சமயம் படம் மட்டும் இறங்கி எழுத்து வேறு மொழியில் இறங்கியிருக்கும். ஓடாததை அழித்துவிட்டு அங்கேயே மறுபடி இறக்கிக்கொள்ளுங்கள், மடிவாளாவில் நின்றுகொண்டு மொபைல் டேட்டாவில் இறக்கப் பார்த்தால் பஸ் வந்துவிடும், படம் வராது.